பத்து எம்எம் நட்

29 டிசம்பர் 2024, ஞாயிறு
கி.மீ. 2,86,412. ஓட்டியது: நான்.

ஆயில் கடைக்காரர் கொடுத்த புது டைரி. ஜனவரி ஒன்றுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. முன்னால் சும்மா விட்டிருக்கும் பக்கங்களில் ஆரம்பித்துவிட்டேன். 2001இல் இந்த ஹோண்டா சிட்டி வீடெக்கை வாங்கிய நாளிலிருந்து பழக்கம் இதுதான்: தேதி, கிலோமீட்டர், ஓட்டியது யார், பிறகு மனதில் பட்டது. ஓட்டியது யார் என்ற இடத்தில் இருபத்துமூன்று வருஷமாக ஒரே சொல்தான். "அந்த எடத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வெச்சுக்குங்க," என்று என் மனைவி மரகதம் கேலி செய்வாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

காலையில் அவிநாசி ரோட்டு காபிக் கடை முன்னால் வழக்கமான கார்ப் பைத்தியங்களின் கூட்டம். எல்லாம் என் மகளைவிடச் சின்னவர்கள். ஒருவன் தன் டர்போ வண்டிக்கு ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றி இருநூறு குதிரைசக்தி ஆக்கியிருக்கிறானாம். "அங்கிள், உங்க வீடெக் ஜீரோ டு ஹண்ட்ரட் எத்தன செகண்ட்?" என்று கேட்டான். "நான் ஸ்டாப்வாட்ச் வெச்சு ஓட்டறதில்ல தம்பி. டம்ளர்ல தண்ணி வெச்சு ஓட்டறவன்," என்றேன். சிரித்தார்கள். என் வண்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து டிபன் சாப்பிடப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மறந்திருப்பார்கள்.

சொன்னது விளையாட்டுக்கு இல்லை. பந்தயத்தில் இரண்டு முறை என் ரக வண்டிகளில் மூன்றாவதாக வந்தவன் சொல்கிறேன், வேகம் எஞ்சின் கொடுப்பது. அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நிறைந்த டம்ளரை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, சிங்காநல்லூர் சிக்னலில் நின்று கிளம்பி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நுழைந்து, ஒரு சொட்டு சிந்தாமல் வீடு வந்து சேர்பவன்தான் டிரைவர். அதற்கு வண்டி பேசுவது காலுக்குக் கேட்க வேண்டும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு கடிக்கிறது என்பதெல்லாம் பாதத்தில் தெரிய வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் பாதம் சும்மா கிடக்கிறது. 'ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தானை அமுக்கினால் ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், சத்தம் கொஞ்சம் கூடும். சாம்பாரில் மிளகாய்ப் பொடி கூடப் போட்டுவிட்டு 'ஸ்பெஷல்' என்று பெயர் வைப்பதுதான் அது.

மாலையில் கரூரிலிருந்து சிந்து பேசினாள். பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு, வளைகாப்பு. அன்றைக்கே பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வருகிறாள். "உங்க வண்டிலதாம்ப்பா வருவேன். இவங்க வண்டி எதுல ஏறுனாலும் வாந்தி வருது," என்றாள். சின்ன வயதிலும் அப்படித்தான், ஸ்கூல் வேனில் வாந்தி, தாத்தா ஜீப்பில் வாந்தி. என் வண்டியில் மட்டும் ஏறிய கால் மணியில் தூங்கிவிடுவாள்.

வீட்டில் மறுபடியும் ஒரு ஆள் நடமாடப்போகிறது. மூன்று மாதமாவது இருப்பாள்.

3 ஜனவரி 2025, வெள்ளி
கி.மீ. 2,86,455. ஓட்டியது: நான்.

கிளட்ச் சரியில்லை. பிடிக்கும் இடம் தெரிய மாட்டேன் என்கிறது. பஞ்சு மூட்டையை மிதிப்பது மாதிரி இருக்கிறது. ஒண்டிப்புதூரில் சம்சுதீன் பாயிடம் கொண்டுபோனேன். பதினேழு வருஷமாக இந்த வண்டியை அவர்தான் பார்க்கிறார். கேபிளை மாற்றச் சொன்னேன். "இது நல்லாத்தான இருக்குதுங்ண்ணா," என்றார். மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதுதானே. மாற்றினார்.

இப்போதும் பஞ்சு மூட்டைதான்.

8 ஜனவரி, புதன்
கி.மீ. 2,86,503. ஓட்டியது: நான்.

சிங்காநல்லூர் சிக்னலில் இன்று அருமையான ஒரு ஹீல் அண்ட் டோ விழுந்தது. தெரியாதவர்களுக்கு: வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரையும் தட்டுவது. கியர் இறக்கும்போது வண்டி குலுங்காமல் இருக்கப் பந்தயக்காரர்கள் செய்வது. சாதாரண ஆள் பழக இரண்டு வருஷம் ஆகும்.

இன்று நான் நினைக்காமலே விழுந்தது. எஞ்சின் உறுமியது, வண்டி முன்னால் இருந்த பால்காரரின் டிவிஎஸ் சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அவர் திரும்பி என்னென்னவோ சொன்னார். உடம்பிலேயே ஊறிப்போன வித்தை, மூளையைக் கேட்காமல் வந்துவிடுகிறது.

பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறது போல. மாற்ற வேண்டும்.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்
வண்டி எடுக்கவில்லை. துடைத்துப் பொட்டு வைத்தேன்.

பக்கத்து வீட்டு வத்சலா டீச்சர் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். முழுவதையும் நானே சாப்பிட்டேன். மரகதம் இருந்தால் ஒரு ஸ்பூனோடு பிடுங்கியிருப்பாள். மாத்திரை டப்பாவில் திங்கள் செவ்வாய் என்று அவள் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது. டப்பாதான் எப்போதாவது நிறைகிறது.

டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்துநாலு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் ரயில்வே ஓய்வு, பகல் முழுக்கச் செய்தி பார்ப்பவர், வண்டி ஓட்டத் தெரியாது. டீச்சரிடம் ஒரு வேகன் ஆர் உண்டு. ஓட்டுவது முப்பது கிலோமீட்டர் வேகத்தில். ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்காருவார். சந்து திரும்பும்முன் ஒரு ஹார்ன், திரும்பிய பின் ஒரு ஹார்ன். சிக்னலில் கோட்டுக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்களின் ஆயுளில் நாளுக்கு ஐந்து நிமிஷம் குறைக்கிறார் என்று மரகதத்திடம் சொல்லுவேன். "அவங்க வண்டில போனா நான் ஜன்னல் வழியா மரம் மட்டையெல்லாம் பாப்பேன். உங்க வண்டில ஸ்பீடாமீட்டர்தான் பாக்கறேன்," என்பாள் அவள்.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது இடது கால் செருப்பைக் காணோம். வாசல் ஏறும்போதுதான் பார்த்தேன். நாய் ஏதாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

17 ஜனவரி, வெள்ளி
கி.மீ. 2,86,520. ஓட்டியது: நான்.

சம்பந்தியம்மா போன். நல்ல மனுஷிதான். ஆனால் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"ஏனுங் சம்பந்தி, தலைப்பிரசவம் தாய் வீட்லதான் பாக்கோணும், அது மொறைதான். ஆனா அங்க பொம்பளத் தொணைன்னு யாருங்க இருக்கறா? உங்களுக்கும் வயசாயிருச்சு. ராத்திரி ஒரு வலின்னா என்னங்க பண்ணுவீங்க?"

"வாசல்ல வண்டி நிக்குதுங்க. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்," என்றேன்.

"அந்த ரேஸ் வண்டிங்களா?" என்றார்.

பிறகு சிந்து தனியாகப் பேசினாள். "அப்பா, அத்தைக்கு நான் இங்கியே இருக்கோணும்னு. 'எங்கப்பா தெம்பா இருக்காரு, அவரே கார் ஓட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போவாரு, எல்லாத்தையும் பாத்துக்குவாரு'ன்னு சொல்லியிருக்கேன். அது ஒண்ணுதான் என்ற பாயிண்ட்டு. சொதப்பிராதீங்க."

சொதப்பமாட்டேன் கண்ணு.

20 ஜனவரி, திங்கள்
கி.மீ. 2,86,541. ஓட்டியது: நான்.

மறுபடியும் பாய். இந்த முறை பிரேக். பெடல் ரப்பர் மாற்றியும் அதே கதைதான், எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. பாய் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "வெண்ணெயாட்டம் இருக்குதுங்ண்ணா. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல வர்றேன்," என்றார்.

ஓட்டினேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்கவில்லை. குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் கையைத் துணியில் துடைத்தபடி, "சுகர் எப்பங்ண்ணா கடைசியாப் பாத்தீங்க?" என்றார்.

பிரேக்குக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? மெக்கானிக் மெக்கானிக் வேலையைப் பார்க்க வேண்டும். இனி அங்கே போவதாக இல்லை.

25 ஜனவரி, சனி
கி.மீ. 2,86,549. ஓட்டியது: நான்.

நானே இறங்கிவிட்டேன். காலையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கத்துத் தரையில் தலைகீழாகப் படுத்து, பெடல் பாகங்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டு மாட்டினேன். நாலு மணி நேரம். முதுகு போய்விட்டது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. எழுபது வயது வரைக்கும் இப்படிப் படுக்கலாம்.

மாட்டும்போது ஒரு நட் குறைந்தது. பத்து எம்எம் ஸ்பேனர் பிடிக்கிற சின்ன நட். உலகத்தில் கார் பிரித்த எல்லோருக்கும் தொலைவது அந்தப் பத்து எம்எம்தான். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன், சீட்டடியில் காந்தம் விட்டுத் துழாவினேன், ஷெட்டைக் கூட்டிப் பார்த்தேன். இல்லை. டப்பாவிலிருந்து வேறொன்றைப் போட்டு முடித்தேன்.

28 ஜனவரி, செவ்வாய்
கி.மீ. 2,86,801. ஓட்டியது: நான்.

ரெக்கி முடிந்தது. ராலிப் பந்தயத்துக்கு முன்னால் பாதையை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்து, வளைவு, மேடு, குழி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வோம். அதற்குப் பெயர் ரெக்கி. பரிசுக் கோப்பைக்காக எத்தனையோ செய்திருக்கிறேன். இன்று என் மகள் வயிறு குலுங்காமல் இருக்கச் செய்தேன். சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், தென்னிலை, கரூர். போகும்போதும் வரும்போதும், ஓரமாக நிறுத்தி நிறுத்தி, நாற்பது பக்கம்.

நோட்டிலிருந்து கொஞ்சம்: "தென்னிலை தாண்டி முதல் பாலம். ஏறும் இடத்தில் விளிம்பு. மூன்றாம் கியர், 40." "வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டு முன் வேகத்தடை, வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது, புளியமரத்தைப் பார்த்துப் பிரேக்." "காங்கேயத்துக்கு முன் இடது ஓரம் ஒட்டுப் போட்ட ரோடு, அரை கிலோமீட்டர். வலது பக்கமாக ஒதுங்கு, சிந்துவுக்குக் குலுங்கும்." "பல்லடத்துக்கு முன் பேக்கரி, சுத்தமான பாத்ரூம், கேட்டுப் பார்த்துவிட்டேன்."

ரோட்டில் ஒரு கைக்குட்டை கிடந்தால்கூட நோட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். மெல்லிய அடியுள்ள ஷூ, பெடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பந்தயக்காரர்கள் போடுவது. வலது சாக்ஸ் குதிகாலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தேன். ரத்தம், பாதி காய்ந்தது, பாதி ஈரம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். டைல்ஸில் விழுந்து உருண்டு சோபாவுக்கடியில் போய் நின்றது.

பத்து எம்எம் நட்.

இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் அதன்மேல்தான் கால் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

29 ஜனவரி, புதன்
வண்டி எடுக்கவில்லை.

30 ஜனவரி, வியாழன்
வண்டி எடுக்கவில்லை. ஆட்டோ.

டாக்டர் சின்னப் பெண், சிந்து வயது இருக்கும். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு ஒரு நைலான் இழையை எடுத்துக் கையில் ஒரு குத்துக் குத்தி, "இது தெரியுதுங்களா?" என்றார். தெரிந்தது. "இதே மாதிரி இப்ப ரெண்டு பாதத்துலயும் தொடுவேன். கண்ண மூடிக்குங்க. தொடறப்பெல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். பக்கத்து அறையில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுகிறது. காத்திருந்தேன்.

"ஆரம்பிக்கலாமே டாக்டர்," என்றேன்.

"முடிஞ்சிருச்சுங்க," என்றார்.

வேறு சில விஷயங்களும் சொன்னார். சீட்டில் எழுதியும் கொடுத்தார். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

1 பிப்ரவரி, சனி
கி.மீ. 2,86,803. ஓட்டியது: நான்.

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு நாள். கையில் நோட்டு இருக்கிறது. ரோடு மனப்பாடம். காலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். லேஅவுட்டின் கடைசியில் வீடு கட்டாத காலி ரோட்டில் பழகினேன்: குனிந்து பார்த்து, பிரேக்; குனிந்து பார்த்து, கிளட்ச். பத்துக்கு எட்டு சரியாக வந்தது.

டாஷ்போர்டில் டம்ளர் வைத்துப் பார்த்தேன். பாதி சிந்திவிட்டது. முழுக்க நிரப்பியது தப்பு.

ஓட்ட முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "தன்னையே பாத்துக்க முடியாதவரு இவள எங்கிட்டுப் பாப்பாரு," என்பார் சம்பந்தியம்மா. நியாயமான கேள்வி. சிந்துவுக்குப் பதில் இருக்காது. கரூரிலேயே இருந்துவிடுவாள். நான் குழந்தையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி, இந்த வீட்டுக்கு வந்து, டிவி போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். அவளுக்காகக் கட்டில் மாற்றிப் போட்டிருக்கிறேன். பாத்ரூமில் கைப்பிடி அடித்திருக்கிறேன். மரகதத்தின் பீரோவைத் திறந்து பழைய புடவைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், குழந்தைக்கு மெத்தென்று இருக்குமே என்று.

எனக்கு அவள் வர வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் ஓட்டிவிட்டால் போதும்.

5 பிப்ரவரி, புதன்
கி.மீ. 2,86,853. ஓட்டியது: நான்.

டீச்சரின் வேகன் ஆர் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. கிணத்துக்கடவில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. "நான் விட்டுட்டு வர்றேனுங்க," என்றேன். உதவி செய்கிற மாதிரிதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு ஆளை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு.

வழியில் ஒன்றும் பேசாமல் இருக்க முடியாமல் எலக்ட்ரிக் கார்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். தொட்ட உடனே பாய்கிறது, சரி. ஆனால் சத்தம் ஏறி, ஐயாயிரம் சுற்றைத் தாண்டியதும் குரல் மாறி, ஒரு வண்டி நம்மை நம்பி மனசு திறக்கிற அந்த நேரம் அதில் உண்டா? டீச்சர் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

பொள்ளாச்சி ரோடு முழுக்கப் பழனி பாதயாத்திரைக்காரர்கள். பதினொன்றாம் தேதி தைப்பூசம். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் காவடி, வெறுங்கால். ஓரமாகத்தான் போகிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் மோர்ப் பந்தலுக்காக ரோட்டைக் குறுக்கே கடந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் உறுமியது.

குனிந்து பார்த்தேன். கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தது நான் இல்லை. டீச்சர். வண்டி கோணலாக வழுக்கி நின்றது. பம்பருக்கு முன்னால் ஒரு அம்மா, இடுப்பில் மொட்டையடித்த குழந்தை. அவள் திட்டக்கூட இல்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "முருகா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

"ஹீல் அண்ட் டோ போட்டனுங்க. கொஞ்சம் வழுக்கிருச்சு," என்றேன்.

டீச்சர் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "சார், நான் சிங்காநல்லூர்ல இருந்து உங்களத்தான் பாத்துட்டு வர்றேன். நீங்க ரோட்டப் பாக்கறதில்ல. உங்க காலைப் பாத்துட்டு ஓட்டறீங்க."

எஞ்சினை அணைத்தேன்.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்க," என்றார்.

டீச்சரே ஓட்டினார். கிணத்துக்கடவுக்கும், பிறகு வீட்டுக்கும். மேலே 'ஓட்டியது: நான்' என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. கொஞ்ச தூரம் நான் ஓட்டியது உண்மைதானே.

6 பிப்ரவரி, வியாழன்
அந்தக் குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது.

7 பிப்ரவரி, வெள்ளி
வண்டி எடுக்கவில்லை.

காலையில் சிந்துவுக்குப் போன் செய்தேன். முதலில் சீர்த் தட்டு எத்தனை என்று பேசினேன். பிறகு வெயில் பற்றிப் பேசினேன். பிறகு சொல்லிவிட்டேன். நட், நைலான் இழை, மொட்டைத் தலை, எல்லாவற்றையும். என் பாதம் இரண்டும் செத்துப்போய்விட்டன, இனி நான் ஓட்டக்கூடாது, உன் ஒரே பாயிண்ட்டு போச்சு கண்ணு, என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா இருந்தா எப்பவோ என்கிட்டச் சொல்லியிருப்பாங்க. நீங்க காருக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே மெக்கானிக்கப் பாப்பீங்க, உங்களுக்குன்னா பாக்க மாட்டீங்க," என்றாள். "இத நான் அத்தைகிட்டச் சொல்ல மாட்டேன். மறைக்கவும் மாட்டேன். நீங்க ஞாயித்துக்கெழம வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க."

"அவங்க வேண்டாம்னுட்டா?"

"அப்ப வேண்டாம்தான்ப்பா. எப்படி வர்றீங்களோ வாங்க."

மாலையில் டீச்சர் வீட்டு வாசலுக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை கேட்டிலிருந்து திரும்பிவிட்டேன். பதினோரு வருஷமாக யாருடைய ஓட்டத்தைக் கிண்டல் செய்து சிரித்தேனோ, அவர் முன்னால் சாவியை நீட்டிக்கொண்டு நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தச் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. மரகதத்துக்கு ஓட்டத் தெரியும். அவள் கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. 'கிளட்ச் போயிரும்' என்றேன். அதை இன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

டீச்சர் சாவியை வாங்கிப் பார்த்தார். "நான் அறுபதுக்கு மேல போக மாட்டேன் சார். அப்பறம் அங்க ஓவர்டேக் பண்ணு, இங்க கியரக் கொறைன்னு சொல்லக் கூடாது," என்றார்.

சரி என்றேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு
கி.மீ. பார்க்கவில்லை. ஓட்டியது: வத்சலா டீச்சர்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். டீச்சர் சீட்டில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று. நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து, "அடுத்தது இருநூறு மீட்டர், குழி, இடது சக்கரம்," என்று படித்துக்கொண்டு வந்தேன். சூலூர் தாண்டுவதற்குள், "சார், எனக்குக் கண்ணு தெரியுதுங்க," என்றார். நோட்டை மூடி வைத்தேன். அவர் மூன்றாம் கியரிலேயே போனார். எஞ்சின் நாலாவதைக் கேட்டுக் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். காங்கேயத்தில் ஒரு லாரி எங்களை ஓவர்டேக் செய்தது. செங்கல் ஏற்றிய லாரி.

"இந்த வண்டி தானாப் போகுதுங்களே சார். இத்தன வருஷமா இதுகூட எதுக்கு மல்லுக்கட்டுனீங்க?" என்றார்.

கரூரில் வாசலுக்கே வந்து வரவேற்றார் சம்பந்தியம்மா. ஓட்டுநர் பக்கத்திலிருந்து டீச்சர் இறங்குவதைப் பார்த்தார். நான் இறங்கினேன். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னாலேயே சொன்னேன். "சம்பந்திம்மா, எனக்குச் சுகர்ல கால் ரெண்டும் மரத்துப்போச்சுங்க. நான் இனிமேல் கார் ஓட்டறதில்ல. இத மறைச்சுப் பொண்ணக் கூட்டிட்டுப் போக மனசு வரல. அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். சிந்து கல்யாணப் பட்டில், கன்னத்தில் சந்தனத்தோடு கதவோரம் நின்றிருந்தாள்.

சம்பந்தியம்மா டீச்சரைப் பார்த்து, "நீங்களுங்ளா ஓட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க. பக்கத்து வீடு."

"எத்தன மணிக்குங்க கெளம்புனீங்க?"

"அஞ்சரைக்குங்க. அறுபதத் தாண்டல. என்ற ரெண்டு பொண்ணுங்களுக்கும் நான்தான் பிரசவம் பாத்தேன். செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கறேன். கூப்புட்டா ரெண்டு நிமிஷம்."

சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதேகால். நூற்றிருபது சொச்சம் கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானமான நேரத்தை எந்தப் பந்தயத்திலும் போட்டதில்லை. அவர் முகம் அப்படியே இளகியது. "அப்பச் சரிங்க. இப்புடி ஓட்டறவீங்கன்னா தைரியமா அனுப்பலாமுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க. செருப்பக் கழட்டாதீங்க, தரையில கல்லு கெடக்குது," என்றார்.

மதியம் கிளம்பினோம். டீச்சர் என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டார். "நீங்க முன்னாடி இருந்தா பல்லக் கடிக்கற சத்தம் கேக்குதுங்க." இந்த வண்டியில் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னல் இவ்வளவு பெரியது என்று தெரியாது.

சிந்து அந்த நோட்டை எடுத்துப் படித்தாள். முதலில் சிரித்தாள். "டீச்சர், அடுத்த பாலத்துல விளிம்பு, மூணாவது கியர், நாப்பது," என்று டீச்சருக்குச் சத்தமாகச் சொன்னாள். "நான் மூணாவதுலதான் இருக்கறேன் கண்ணு," என்றார் டீச்சர். பிறகு சிந்து சத்தம் போடாமல் படித்தாள். ஒரு பக்கத்தில் விரல் வைத்து நின்றாள். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். 'சிந்துவுக்குக் குலுங்கும்' என்று எழுதியிருந்த பக்கம்.

"இத எழுதறப்பவும் அந்த நட்டு உள்ளதான் இருந்துச்சாப்பா?"

"ஆமா."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெள்ளகோவில் வருவதற்குள் தூங்கிவிட்டாள். கை நிறைய வளையல், ஒவ்வொரு மேட்டுக்கும் மெல்லச் சத்தம் போட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான் தூங்குவாளாம், மரகதம் சொல்லியிருக்கிறாள். இவள் என் வண்டியில் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தூங்கியிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் ஒரு தலைமுடி மட்டும்தான். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காதவன் நான்.

காங்கேயத்தில் பாதயாத்திரைக்காரர்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும். கால் மணி நேரம் நின்றோம். அவள் எழுந்திருக்கவில்லை. நான் தோளை அசைக்கவில்லை.

வீடு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சிந்துவின் அறையில் விளக்கு எரிகிறது. டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரசம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்கிறார். கிலோமீட்டர் பார்க்க மறந்துவிட்டேன். வெளியே போய்ப் பார்த்து எழுதலாம். சாவி டீச்சரிடம் இருக்கிறது.